மடிப்புக் கோடு

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு
எதிர்ச்சாரியில் என் மருந்துக்கடை.
நாலு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன்;
லாரிக்காரருக்குத் தலைவலி,
கூடை பிடிக்கிறவர்களுக்கு இடுப்பு.

சாக்கம்மாள் முதலில் வந்தது ஒரு தை மாதம்.
விரல்முட்டெல்லாம் வீங்கி,
சில்லறையைப் பலகையில் கொட்டி
"நீயே பொறுக்கிக்கோப்பா" என்றாள்.
தருமபுரி பெரியாஸ்பத்திரிச் சீட்டு
நான்காக மடித்து மஞ்சள்பையில் இருந்தது.

வெள்ளை மாத்திரை,
சட்டைப் பித்தானைவிடச் சின்னது.
மூன்றாம் நாள் வந்து
என் முகத்துக்கு நேரே கையை மடக்கிக் காட்டினாள்,
விரித்துக் காட்டினாள்,
மறுபடி மடக்கினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கிலோ நல்ல பழமாகப் பார்த்து
குளிர்ப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றோடு சீட்டு கேட்பதை விட்டேன்.
"அந்த வெள்ளையில ரெண்டு அட்டை" என்பாள்.
கொடுப்பேன்.
மூன்று வருஷம்.
தக்காளி கிலோ இரண்டுக்கும் போயிற்று, நூறுக்கும் போயிற்று,
அட்டை விலை அசையவேயில்லை.

முகம்தான் முதலில் மாறியது.
கன்னம் உப்பி வட்டமாகி,
"மருமக வந்த யோகம்" என்றது மண்டி.
அவளும் சிரித்தாள்; சிரித்தால் கண் காணாமல் போனது.
நடுராத்திரி பசிக்குது,
தூக்கம் வராம
கழுவின பாத்திரத்தையே கழுவுறேன் என்றாள்.
வயசானா அப்படித்தான் என்றேன்.
மருந்தியல் படித்தவன் நான், அதைச் சொன்னேன்.
கூடை விளிம்பு உரசிய இடமெல்லாம்
முன்கையில் கத்தரிப்பூ நிறம் பரவும்.
தோல், வெங்காயத்தின் உள்சவ்வு.
சர்க்கரை பார்த்துக்கோ என்றேன் ஒருதரம்.
பார்த்தாள்.
அதற்கும் மாத்திரை என்னிடமே வாங்கினாள்.

சுமை தூக்கி அல்ல.
ஒரு தும்மல்.
உட்கார்ந்து சொத்தை பொறுக்கையில் தும்மினாள்,
அப்பளத்தின்மேல் கை வைத்தாற்போல
முதுகில் ஏதோ நொறுங்கி இறங்கியதாம்.
எழுந்தவள்
இரண்டு விரற்கடை குட்டை.

மகன் முனிராஜ் கடைக்கு வந்தான்.
அடிப்பான் என்று நினைத்தேன்.
மீதி அட்டையைப் பலகையில் வைத்து
"முந்தாநாளே நிறுத்திட்டேன்.
இந்த விஷம் இனி என் வீட்டுக்குள்ள வராது" என்றான்.

அவன் போய்
நாலு பேருக்கு இருமல் மருந்து கொடுத்தபின்தான்
எனக்கு உறைத்தது.
மூன்று வருஷம் இதைத் தின்ற உடம்பு
தானாய்ச் சுரப்பதை மறந்திருக்கும்.
ஷட்டரை இறக்காமல் வண்டியை எடுத்தேன்.

வாந்தி. ஈரத்துணியாய்க் கிடந்தாள்.
விஷம் என்று அவன் சொன்னதையே
கொடு, உடனே நிறுத்தக் கூடாது என்று
அவன் வாசலில் நின்று கெஞ்சினேன்.
யார் நம்புவார்?
அவன் பெண்டாட்டி நம்பினாள்.
தக்காளி ஏற்றும் சின்ன வண்டியில், சாக்கு விரித்து,
கிருஷ்ணகிரிக்குப் போனோம்.

டாக்டர் பழைய சீட்டைக் கேட்டாள், சின்னப் பெண்.
வெளிச்சத்தில் பிடித்தாள்.
பத்தாம் நாளிலிருந்து குறைத்து,
மாதக் கடைசியில் வந்து காட்டவும் என்று
ஒரு வரி இருந்திருக்கிறது.
சரியாக மடிப்பில்.
"தேஞ்சு போயிருக்கு" என்றாள் என்னைப் பார்த்து,
எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரி.

முதல்நாள் அது தேய்ந்திருக்கவில்லை.

இப்போது மாதாமாதம் கால் மாத்திரை குறைகிறது.
பிளேடால் நானே வெட்டித் தருகிறேன்;
கொஞ்சம் பொடி பலகையில் தங்கிவிடும்.
சுண்ணாம்புச் சத்துக்கு ஒன்று, எலும்புக்கு வாரம் ஒன்று.
இடது கண்ணில் புரை.
வலி பழைய விலாசத்துக்கே திரும்பி வந்துவிட்டது.
"அந்த மூணு வருஷம் நான் கூடை பிடிச்சேன்ல,
அதையும் கணக்குல வை" என்றாள் ஒருநாள்.
எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று, சீசன் தொடங்கிய காலை,
குரலைத் தாழ்த்தி,
"வெள்ளையில ஒரு அட்டை கூடக் குடுப்பா" என்றாள்.

"சீட்டு?" என்றேன்.

வட்ட முகத்தில்
நல்ல கண் ஒன்று
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.
பிறகு சில்லறையைக் கொட்டினாள்.