குழாய் உலர்த்தும் கோபுரம்

கூசெமெட்சாவில் கூரைகளுக்கு மேலே தெரிபவை இரண்டு:
தேவாலயம், அப்புறம் இது.
அதன் உச்சியில் தகரச் சேவல்.
இதன் உச்சியில்
காவலாள் உட்கார்ந்து தேய்த்த ஒரு பலகை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறில்
செருப்புத் தைப்பவரும் பீர் வடிப்பவரும் பள்ளிக்கூட வாத்தியாரும்
ஆளுக்கு மூன்று ரூபிள் போட்டுக் கட்டினார்கள்.
தீயிலிருந்து திரும்பிய கித்தான் குழாய்கள்
பதினான்கு மீட்டருக்கும் நேராகத் தொங்கிச் சொட்டவேண்டும்,
ஈரத்தோடு சுருட்டினால் மக்கிவிடும்.
ஆகவே கோபுரம்.
அழகு, பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஹில்யா ரெபானே குத்தகைக்கு எடுத்தபோது
சாவியோடு ஒரு குறிப்பேடும் கொடுத்தார்கள்.

ஜூலை 9. வைக்கோற்போர். சுருட்டு. அணைந்தது.
டிசம்பர் 24. பாதிரியார் வீட்டு மரம். மெழுகுவத்தி. அணைந்தது. கேக் கொடுத்தார்கள்.
ஆகஸ்ட் 2. வாத்தியக் குழுவுக்கு டூபா வேண்டும். தீயும் இல்லை, பணமும் இல்லை.

போர்க்காலத்துப் பக்கங்கள் கிழிந்திருந்தன.
புகையிலை சுற்ற யாருக்காவது உதவியிருக்கும்.
பிறகு, வேறொரு கையெழுத்து:

1949 மார்ச் 27. ஞாயிறு. பயிற்சி.
தீ இல்லை. மணி அடிக்கவில்லை. ஏழு பேர் வரவில்லை.

அந்த வாரம் கிழக்கே போன ரயிலில்
எத்தனை பெட்டிகள் என்று எழுத
தீயணைப்புக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.
அடுத்த ஞாயிறு, அதே மை: ஏழு பேர் வரவில்லை.
அதற்கடுத்த ஞாயிறும்.
பதினோரு வாரம் இப்படி.
போதும் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

அதன் பிறகு கூட்டுப்பண்ணையின் உருளைக்கிழங்கு,
அப்புறம் ஓட்டைச் சைக்கிள்கள்,
அப்புறம் பூட்டு.

ஹில்யாவிடம் இருந்தது ஊரெல்லாம் அழுக்குத் துணி.
ஆஸ்பத்திரி விரிப்பு, மூன்று விடுதிகளின் மேஜைத்துணி,
குத்துச்சண்டைக் கழகத்தின் நாற்றமெடுத்த துண்டு.
கப்பியில் எண்ணெய் விட்டாள். பழைய கொக்கி, புதுக் கயிறு.
வெயில் நாளில் எல்லாம் மேலே போகும்;
பனி நாளில் பாதி மேலே, பாதி இயந்திரத்துக்கு.

போன பிப்ரவரியில் அந்த இயந்திரத்தின் முதுகில்
சேர்ந்திருந்த பஞ்சு புகைந்து, பிடித்துக்கொண்டது.
போன் செய்தாள்.
"விலாசம்?"
"பழைய தீயணைப்பு நிலையம்."
மறுமுனையில் சற்றே மௌனம்.
"விளையாடுகிறீர்களா, அம்மா?"

வண்டி முப்பத்தோரு கிலோமீட்டர் வரவேண்டும், பனியில்.
மின்கம்பியைப் பிடுங்கினாள்.
கயிற்றை அவிழ்த்தாள்.
பிரசவ வார்டின் பன்னிரண்டு ஈர விரிப்புகள்
பதினான்கு மீட்டரிலிருந்து
ஒன்றாக வந்து விழுந்தன.
வாரி எடுத்துப்
பிள்ளையை அணைப்பதுபோல் இயந்திரத்தை அணைத்தாள்.
தீயை அணைத்ததும் அதே கைதான்.

வந்த பையன்கள் பஞ்சைக் கிளறிப் பார்த்தார்கள்.
ஒருவன் கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டான்.
மற்றவர்கள் காப்பி குடித்தார்கள்.

அவர்கள் போனதும் குறிப்பேட்டை எடுத்தாள்.
எழுபது வருஷத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்த பக்கம்.

பிப்ரவரி 11. பஞ்சு. அணைந்தது.
வந்தவர்: ஒருவர்.
வராதவர்:

பேனாவைக் கொஞ்சம் உதறினாள்.
ஏழு, என்று எழுதினாள்.

பிறகு விரிப்புகளை மறுபடி ஊறப்போட்டாள்.
கரி போக இரண்டு முறை அலச வேண்டியிருந்தது.
ஒன்றில் போகவே இல்லை.