என்ன வேண்டுதல்

சாட்ஸ்வொர்த்தில் குடியேறிய முதல் ஞாயிறு
பக்கத்து வீட்டு சாலாட்சி மூட்லி
வேலிக்கு மேலாக ஒரு டப்பாவை நீட்டினாள்.
ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, மிதக்கும் கறிவேப்பிலை.
நான் வாயைத் திறப்பதற்குள்
என் மூக்கு பதில் சொல்லிவிட்டது.

அவள் கோபப்படவில்லை.
"ஃபாஸ்டிங்கா?" என்றாள்.
கறி தின்னாதிருப்பதற்கு
இந்தத் தெருவில் அந்த ஒரு சொல்தான்.
செவ்வாய், வெள்ளி, காவடிக்குப் பத்து நாள்,
புரட்டாசி முழுக்க.
பிறகு நோன்பு முடியும், நண்டு கொதிக்கும்.

எப்போதுமே, என்றேன்.
"எப்போதுமேவா?"
டப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கேட்டாள்:
"சாமிகிட்டே என்ன வேண்டுதல்?"
(அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.
சாமி மட்டும் அவள் சொன்ன சொல்.)

வேண்டுதல் இல்லை, வழக்கம்.
யார் வழக்கம்?
எங்கள் வீட்டில். பிறப்பிலேயே அப்படி.
பிறப்பு என்பதை அவள்
சந்தையில் கிழங்கைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்,
எந்தப் பக்கம் அழுகல் என்று.
பிறகு பேசாமல் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் சமையலறையில்
புரட்டாசிப் பாத்திரங்கள்
பங்குனியிலேயே பரணிலிருந்து இறங்கியிருந்தன.
தேசிகன் முழங்கால் வலியோடு நாற்காலியில் ஏறினானாம்.
எனக்கென்று ஒரு கரண்டி, ஒரு வெட்டுப்பலகை,
கைப்பிடியில் மஞ்சள் நூல்.
"கோழியும் கூடாதா?
கோழியைக் கறியில் சேர்ப்பார்களா என்ன?" என்றான் அவன்.
சாலாட்சி துணியால் அவனை அடித்தாள்.
அடுப்பின் அந்தப் பக்கம் அவர்கள் சட்டி,
இந்தப் பக்கம் என் பருப்பு.
சன்னல் கண்ணாடியில் இரண்டும் ஒன்றாக வேர்த்தன.

செய்தி பரவிவிட்டது.
பெரிய வேண்டுதல்காரி, இன்னும் கிடைக்கவில்லை, பாவம்.
அவள் தங்கை என் வயிற்றைப் பார்த்துவிட்டு
கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.
கல்யாணப் பந்தியில்
யாரோ எனக்கு ஒரு பூசணிக்காய்க் கறி கூடுதலாக வைத்தார்கள்.
ஊரில் என் இலைக்கு இப்படி யாரும் இரங்கியதில்லை.
அங்கே அது ஒரு படி மேலே போடப்பட்டிருந்தது.
அந்தப் படியில் நான் ஏறிய நினைவில்லை.

போன வெள்ளி அவள் மேசையில்
பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது
நங்கநல்லூர் தரகர் அழைத்தார்.
கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டேன்.
"நல்ல பார்ட்டி மேடம். ரெண்டு பேரும் பேங்க்.
அட்வான்ஸ் நீங்க கேட்டபடியே.
ஒரே விஷயம்தான்...
அவங்க சாப்பிடுவாங்க."

சாப்பிடுவாங்க.
வேறெந்த மொழியிலும்
குற்றமாக முடியாத வினைச்சொல்.

"போர்டுல போட்டிருக்கறதையே சொல்லிடட்டுமா?"

போர்டில் எழுதியது நான்தான்.
நீல மையில், 'சைவம் மட்டும்'.
நீங்கள் யார், எந்தத் தெரு என்று
நான் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.
அந்த இரண்டு சொல் கேட்டுக்கொள்ளும்.
நான் நல்லவளாகவே இருக்கலாம்.

சாலாட்சி கத்தியை நிறுத்தினாள்.
"சாமி விஷயமா?"
இல்லை. வீடு.
"வீடா!" கண் விரிந்தது.
"அதுதானா வேண்டுதல்? கிடைத்துவிட்டதா?
தேசி! இங்கே வா! அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது!"
முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான்,
கையைக் குலுக்கினான்.
அவள் சட்டியின் மூடியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
எதுவும் சொல்லாமல் சிரித்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?
அவங்க வாசல்லயே நிக்கிறாங்க."

இருக்கேன் என்றேன்.
பாதி பீன்ஸுக்கு இன்னும் நார் எடுக்கவில்லை.