முதலையின் முதுகு

செவ்வாய்க்கிழமை எங்கள் முன்பள்ளியில் கதை நாள்.
எது தொடங்கினாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்,
முதலைக் கதைதான் வேண்டும்.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில்
ஒரு கிழட்டு முதலை நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.
முதுகின் இரு கரையிலும் பல்லுப் பல்லாய்க் கட்டைகள்.
சனங்கள் அதன் மேலால் அக்கரை போனார்கள்.
ஒரேயொரு நிபந்தனை:
கீழே பார்த்தால் முதலை முழித்துவிடும்.

குட்டிக் கதிரைகளைக் கவிழ்த்து அடுக்கி
முகட்டைப் பார்த்தபடி நடப்பார்கள்.
டிசாந்தன் மட்டும் வேண்டுமென்றே குனிவான்.
முழிக்கட்டுமே, அவனுக்கு முதலையைப் பார்க்க வேணும்.

நான் எழுதிய கதை இல்லை.
அந்த வருசம் மே மாதம், எனக்கு ஏழு வயது,
வட்டுவாகல் பாலத்தில் கால் வைக்கும்போது
அப்பா உண்டாக்கினது.
ஒரு தோளில் நீலத் தண்ணிக் கான்,
மற்றத் தோளில் சாரத்தால் கட்டின தம்பி.
எனக்கு ஒரு காலில்தான் செருப்பு.
ஒலிபெருக்கி கொச்சைத் தமிழில் ஏதோ சொன்னது.
"கீழ பாராதை பிள்ளை, முதலை.
கட்டையை எண்ணு."
எண்ணினேன். அறுபத்தொன்றில்
அப்பா திடீரென்று என்னை இழுத்து
மற்றக் கரையால் நடத்தினார்.
"முதலைக்கு அந்த இடத்தில புண்" என்றார்.
எண்ணிக்கை விட்டுப்போச்சு.

பிள்ளைகளுக்குப் புண்ணும் பிடிக்கும்.
அந்த இடத்தில் எல்லோரும்
ஒற்றைக் காலில் தாண்டுவார்கள்.

போன மாதம் பெற்றார் கூட்டம்.
சுவரில் ஒட்டியிருந்த முதலைகளைப் பார்த்து
டிசாந்தனின் அம்மா சிரித்தா.
"எங்களுக்கு அது ரயில், டீச்சர்.
குகைக்குள்ள போகுது, கண்ணை மூடு எண்டு
மாமி சொன்னவ."
இன்னொருத்திக்கு அது நித்திரை கொள்ளும் பூதம்.
கெங்காதரன், உப்பளத்தில் வேலை,
கூட்டத்துக்கு வந்த ஒரேயொரு தகப்பன்,
தனக்கு அது ஒரு தராசு என்றார்,
குனிஞ்சால் மற்றப் பக்கம் தூக்கிவிடுமாம்.

ஒரு பாலம். எத்தனை மிருகம், எத்தனை வாகனம்.
சொன்னவர்கள் ஒருத்தரையொருத்தர் அறியார்.
சட்டம் மட்டும் ஒன்று.

சுகந்தமலர் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி
இருந்தா. பிறகு சொன்னா:
"எனக்கு ஒருத்தரும் கதை சொல்லேல்லை.
நான் தனியத்தான் வந்தனான்.
பார்த்தனான்."

பிஸ்கட் முறிந்து கோப்பைக்குள் விழுந்தது.
ஆரோ விளையாட்டுப் போட்டிக்கு
ரீசேட் என்ன நிறம் என்று கேட்டார்கள்.
மஞ்சள் என்று முடிவானது.

அன்றிரவு அப்பா லாண்ட்மாஸ்டருக்கு
ஒயில் மாற்றிக்கொண்டு நின்றார்.
டோர்ச்சைப் பிடித்தபடி கேட்டேன்,
அண்டைக்கு நீங்கள் கீழ பார்த்தனீங்களோ?
கறுப்பு ஒயில் நூலாய் இறங்கி
முடிகிற வரைக்கும் பேசவில்லை.
"பாராமல் எப்படிக் கால் வைக்கிறது" என்றார்.
"வெளிச்சத்தை இங்கால பிடி."

அடுத்த செவ்வாய்.
முதலை படுத்துவிட்டது, சனங்கள் வந்துவிட்டார்கள்,
நிபந்தனையைச் சொல்ல வாய் திறந்தேன்.
சுகந்தமலரின் மகள் மிதுர்ஷிகா,
நாலரை வயது, ஒருநாளும் கை உயர்த்தாதவள்,
இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"எங்கட அம்மா பார்த்தவ, டீச்சர்.
முதலை முழிக்கேல்லை."

டிசாந்தனுக்குக் கோபம். பொய் என்றான்.
கதிரையை உதைத்தான்.
மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
வெளியே புதுப் பாலத்துக்குக் கல் ஏற்றிய லொறி ஒன்று
யன்னலெல்லாம் அதிரப் போனது.
அது போய் முடியும்வரை
எனக்கு நேரம் இருந்தது.