பட்டாணித் தெரு, ஜூலை

எங்கள் பேட்டைக்குப் பெயரே சூப்பு ஊர்.
உருளைக்கிழங்குத் தெரு, அவரைத் தெரு,
அந்தப் பக்கம் பட்டாணி.
எஸ்தோனியாவிலேயே வாய்க்கு ருசியான இந்த முகவரியில்
சமைக்க இடமில்லாமல் நிற்கிறேன் நான்.

நடுக்கோடைத் தீ மூட்டி விடிய விடிய விழித்த
மறுநாளே தொடங்கியிருக்கக் கூடாது.
தலைவலியோடு லேலோதான் கடப்பாரையைத் தூக்கினாள்.
முதல் அடியில் தொட்டிக்கு மேலிருந்த ஓடுகள் விழுந்தன,
இரண்டாம் அடியில் என் சேமிப்பு.

தரையில் லினோலியம். அதன் கீழும் லினோலியம்.
அதன் கீழ் பழுப்புச் சாயம், அதற்கும் கீழே செய்தித்தாள்:
பால் கறப்பதில் இலக்கைத் தாண்டிய பண்ணை ஒன்று
அறுபது வருடமாய் எங்கள் காலடியில்
தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
டார்மோ முட்டிபோட்டு உரக்க வாசித்தான்.
கைதட்டினோம்.
பிறகு சுரண்டினோம்.

ஜன்னல் வழியே ஒரு மின்கம்பி,
அதன் நுனியில் ஆப்பிள் மரத்தடியில் ஒற்றை அடுப்பு,
அதன்மேல் தோலோடு வேகும் புது உருளைக்கிழங்கு.
சுவருக்கென்று வாங்கிய ஜிப்சம் பலகையை
இரண்டு முக்காலிகள்மேல் போட்டதும் பந்தி தயார்.

இங்கே ஜூலையில் இரவு என்பது
பேச்சுக்கு ஒரு சொல்.
பதினோரு மணிக்கும் ஆணியின் தலை தெரிகிறது,
அதுதான் சிக்கல்.
"இருட்டட்டும், கிளம்புகிறேன்" என்ற கைடி
மூன்று நாள் தங்கிவிட்டாள்.
ஆற்றில் விழுந்து எழுந்து வந்து
ஈரத் தலையோடு சுண்ணாம்பு பூசினாள்.
ஜன்னலோரம் அந்த மூலையில்
கொஞ்சம் ஆறும் சேர்ந்து காய்ந்திருக்கிறது.

அப்புறம் அந்தச் சுவர்.
ஏழு அடுக்குக் காகிதம், ஆறாவதில் நீலக் கோழிகள்,
ஏழாவதன் பின்னால் பலகை.
பலகைக்குப் பின்னால் கதவில்லாத ஒரு கதவுச் சட்டம்.
ஏதோ ஒரு காலத்தில் யாரோ இந்த வீட்டை
ரொட்டியைப் போல் அறுத்துப் பங்கிட்டிருக்கிறார்கள்.
டார்மோ நெம்பினான்.
எங்கள் பலகை பெயர்ந்தது.
அந்தப் பக்கத்துப் பலகை, கேட்காமலே, தானும் விழுந்தது.

தூசி அடங்கியபோது இன்னொரு சமையலறை.
நடுவில் ராய்வோ,
கையில் வாணலி, இடுப்பில் ஒரு துண்டு, வேறொன்றுமில்லை.

நாலு வருடமாய் எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது.
விறகுக் கொட்டகையில் மூன்று சாண் இடம்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் வாணலியைப் பார்த்தேன்.
லேலோ கடப்பாரையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.
வெண்ணெய் கருகும் வாசனை.

"மீன் தீயுது" என்றேன்.

திருப்பிப் போட்டார்.
துண்டை இறுக்கிக்கொண்டார்.
"உப்பு இருக்கா?
எனக்குத் தீர்ந்துபோச்சு."

என் உப்பு ஆப்பிள் மரத்தடியில் இருந்தது.
ஓடிப்போய் எடுத்துவந்து
வாசல் வழியே சுற்றாமல்
சட்டத்தின் வழியே நீட்டினேன்.
அன்று சாயங்காலம் மீன் எங்கள் பலகைக்கு வந்தது,
பின்னாலேயே சட்டை போட்டுக்கொண்டு ராய்வோவும்.

ஆகஸ்ட் கடைசியில், மூடிவிடலாம் என்று அளந்தோம்.
ஜிப்சம் பலகை கச்சிதமான அளவுதான்.
ஆனால் அதன்மேல் ஸ்ட்ராபெரிக் கறை,
பீட்ரூட் சூப்புக் கிண்ணங்களின் வட்டங்கள்,
சீட்டாட்டத்தில் லேலோ எனக்குத் தரவேண்டிய பதினெட்டு யூரோ,
மழையில் ஊறி அப்பளமாய் உப்பிய ஒரு மூலை.
ராய்வோ விரலால் தட்டிப் பார்த்தார்.
"இது இனி சுவராகாது."
நான் வாதாடவில்லை.
கடையில் இதேபோல் நாற்பது பலகைகள் கிடப்பது
எங்கள் இருவருக்குமே தெரியும்.

கொட்டகை விவகாரம் தீரவில்லை.
அந்த மூன்று சாண் என்னுடையதுதான்.
இப்போது அதை
இரண்டு அடுப்புக்கும் நடுவே நின்று கத்திக்கொள்கிறோம்,
யாராவது ஒருவர் கிளறியபடி.

எனக்குக் குழாய் இன்னும் வந்து சேரவில்லை.
தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து.