ஜூன் முப்பதுக்குள்

டயர் கடைக்கு மேலே என் அலுவலகம்.
கீழே காற்று பிடிக்கும்போதெல்லாம்
மேசைக் கண்ணாடி நடுங்கும்,
அதன் அடியில் செருகிய
போன வருடத்து நாள்காட்டியும்.

இந்த ஊரை நான் ரசீதுகளில் படிக்கிறேன்.
பிஸ்கட் டின்னில், மைலோ டப்பாவில்,
நகைக்கடைத் துணிப்பையில்
ஒரு முழு வருடத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.
எண்ணெய் நிலையத்துத் தாளில் மை பறந்திருக்கும்.
சன்னலில் சாய்த்துப் பிடித்து
அறுபதா எண்பதா என்று
வெயிலைக் கேட்பேன்.

ஊர் இப்போது நகராண்மைக் கழகம்.
பெயர்ப்பலகைக் கட்டணம் எழுபது வெள்ளியிலிருந்து
நூற்றெண்பது.
துரை பங்களா இருந்த மேட்டில்
சன்னலே இல்லாத டேட்டா சென்டர்.
திறப்பு விழாவுக்குத் தேவானை கட்டிய மாலை
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி, ஒரே பில்.
அதற்குப் பிறகு அங்கிருந்து அவளிடம்
ஒரு முழம் பூ கேட்டு யாரும் வரவில்லை.
உள்ளே இருப்பது பதினொரு காவலர்,
மீதி குளிர்காற்று.

பச்சையப்பனிடம் மூன்று லோரி.
இரண்டு செம்பனைக் குலைக்கு.
மூன்றாவதை டாங்கியாக மாற்றி
தாய்லாந்து எல்லையிலிருந்து
ரப்பர் பால் கொண்டுவருகிறார்.
"பால்மரத்த வெட்டிட்டுக் கையுறைக் கம்பெனி கட்டுனாங்க,
இப்ப பாலு வெளிநாட்டுலேர்ந்து வருது"
என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.
டோல் சீட்டுகளை எண்ணினேன்: இருநூற்றுப் பதினெட்டு.
சிரிப்புக்கு வரிக்கழிவு இல்லை.

கம்பெனியின் கணக்கு என்னிடம் வராது.
அதற்குக் கோலாலம்பூரில் ஆட்கள் இருக்கிறார்கள்.
நாடி மட்டும் இங்கே துடிக்கும்,
கக் ரொஹானாவின் நாசி லெமாக் நோட்டில்:
இரவு ஷிப்டுக்கு நானூறு பொட்டலம்.
அக்டோபரில் முந்நூற்றைம்பது.
நவம்பரில் நூற்றுத் தொண்ணூறு.
டிசம்பர் பக்கத்தில்
ஒரு கோடு.

பத்திரிகையில் வந்தது ஜனவரியில்.

சந்திரகாசனின் கோப்பு தடிமன்.
கம்பெனி ஓகோவென்று ஓடிய வருடம்
தாமான் ஓரத்தில் நான்கு வீடு பிடித்து
நேப்பாளப் பையன்களுக்கு விட்டவர்.
வாங்கியது: இரும்புக் கட்டில், அறுபத்துநான்கு.
விற்றது: பழைய இரும்புக்கு, கிலோ கணக்கில்,
அறுபத்துமூன்று.

ஒன்று இடிக்குதே அண்ணே, என்றேன்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சுத்தமான கண்ணாடிதான்.
"ஒருத்தன் பஸ் ஏறல.
ஊருல கடன் இருக்காம்.
பெர்மிட்டு கம்பெனியோட போச்சு."
பிறகு சன்னமாக,
"கட்டில் எங்கியோ கெடக்குது. ஏதாச்சும் எழுதிக்குங்க."

இருபத்திரண்டு வருடம்.
மூன்று சென் உதைத்ததற்காக
தீபாவளிக்கு முதல்நாள் இரவு
ஒன்பதரைவரை உட்கார்ந்தவள் நான்,
வீட்டில் முறுக்கு மாவு காய்ந்துகொண்டிருக்க.

கீழே யாரோ போல்ட்டு கழற்றும் சத்தம்.
எட்டிப் பார்த்தால் தலை தெரியாது,
லோரிச் சக்கரத்தருகே கைகள் மட்டும்:
நீலக் கையுறை.
கம்பெனி கழித்த சரக்கு, பெட்டி மூன்று வெள்ளி.
தவுக்கே வாங்கிய அந்த ரசீதும்
என்னிடம்தான் இருக்கிறது.
சம்பளப் பட்டியலில்
புதுப் பெயர் எதுவும் இல்லை.

இரும்புக் கட்டில், ஒன்று.
துருப்பிடித்து உடைந்தது.
மதிப்பு, சுழியம்.

எழுதி முடித்தபோது
காற்று பிடித்தார்கள்.
நடுக்கம் நிற்கும்வரை
கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்திருந்தேன்.

பிறகு தேவானையின் டின்.
இந்த வருடம் பூ குறைவு.
கற்பூரம் இரண்டு மடங்கு விற்றிருக்கிறது.