நாற்பத்து மூன்றாவது படம்

கூரை விளக்கை முதலில் அணைத்துவிடுவேன்.
குழல்விளக்கின் கீழே எந்த வாளும்
சமையலறைக் கத்திதான்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
கேமராவுக்குக் கீழே கறுப்பு அட்டை,
நடுவில் லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை.
அது இல்லாவிட்டால் எஃகு
என்னைத்தான் பார்க்கும்,
என்னைத்தான் காட்டும்.

ஒகாயாமாவில் மழைக்காலம்.
பல் மருத்துவர் மொரியாசு
மூன்று மாடி ஏறி வந்தார்
தூண்டில் பையில் வாளோடு.
ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்
என்ன மீன் பிடிப்பீர்கள் என்று கேட்டாராம்.
கெண்டை என்றாராம் இவர்.
ஏலத்துக்குப் படம் வேண்டும்,
கிளினிக்குக்குப் புது எக்ஸ்ரே இயந்திரம் வேண்டும்,
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
முகக்கவசம் மாட்டிக்கொண்டார்.
வாளின் மேல் மூச்சுப் படக்கூடாது.
நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

பழைய எண்ணெயைத் துடைத்தேன்.
கிராம்பு வாசனை அறையெங்கும்.
"என் திங்கட்கிழமைகள் இப்படித்தான் மணக்கும்"
என்றார் கவசத்துக்குள்ளிருந்து.

பிடிக்குள் ஒளிந்திருந்த பகுதியில் துரு,
கருப்பட்டி நிறம்.
அதைத் தொடவில்லை.
அதைத் துடைப்பவன்
வாளின் வயதைத் துடைக்கிறான்.

ஒரே விளக்கு. தாழ்வாக, இடப்பக்கம்.
முனைக்கு அடியில் நகத்தளவு களிமண் வைத்து
சாய்க்கிறேன்.
இன்னும் ஒரு நூல்.
இன்னும் அரை நூல்.
அப்போதுதான் வருகிறது
இத்தனை நேரமும் அங்கேயே இருந்தது,
கூர்விளிம்பை ஒட்டிய வெண்பனி:
ஏறி இறங்கி ஏறி
நடுவில் ஓரிடத்தில்
மனசை மாற்றிக்கொண்டதுபோல் ஓர் இழுப்பு.
பனியைப் பிடித்தால் எஃகின் நிறம் தப்பும்.
நிறத்தைப் பிடித்தால் பனி கலையும்.
நாற்பத்திரண்டு முறை அமுக்கினேன்.

அழகு. பொய்யில்லை,
நாற்பத்திரண்டும் அழகு.

ஈரத்தில் ஒட்டுநாடா விட்டுப்போய்
அட்டை சரிந்தது,
விரல் அதே நொடியில் அமுக்கிவிட்டது.
பனி காணோம். வாள் முழுக்க வெளுப்பு.
நடுவில் என் பச்சைச் சட்டைக் கை.

அழிக்கப் போனேன்.
"நில்லுங்கள்" என்றார்.
கண்ணாடியைக் கழற்றித்
திரைக்கு அருகே குனிந்தார்.

பெரிதாக்கினேன்.
கூர்விளிம்பிலிருந்து மேலே, குறுக்காக,
மயிரிழையில் பாதி.
தூசியாக இருக்கும் என்று
காற்றுப் பந்தை எடுத்து வாளில் ஊதிவிட்டு
விளக்கடியில் திரும்பவும் தேடினேன்.
நகரவில்லை.

நீளவாட்டில் கீறல் என்றால் மன்னிப்பார்கள்.
குறுக்கே என்றால்
விலையில் ஒரு சைபர் இறங்கி நடந்துவிடும்.

மொரியாசு மூச்சு விடவில்லை.
கீழே சைக்கிள் கடையில்
யாரோ ஒரு மணியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்,
ட்ரிங், ட்ரிங்,
வாங்குவதாகத் தெரியவில்லை.

"வலிக்கவே இல்லை டாக்டர் என்பார்கள்" என்றார் கடைசியில்.
"நான் படத்தைத் திருப்பிக் காட்டுவேன்."

என்னிடம் நாற்பத்திரண்டு இருந்தன.
எதிலும் அந்தக் கோடு இல்லை.
எதிலும் நான் பொய் சொல்லவில்லை;
விளக்கு, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது,
அவ்வளவுதான்.
இதை அவரிடம் சொன்னேனா என்று நினைவில்லை.
சொல்லியிருக்கக்கூடும்.

எண்ணெய் தடவி, உறையிலிட்டு,
பதிவுச் சீட்டைச் சரிபார்த்துக் கொடுத்தேன்.
தூண்டில் பையோடு மழையில் இறங்கிப் போனார்.
அன்றிரவே எல்லாவற்றையும் அனுப்பினேன்,
குறிப்பு எதுவும் எழுதாமல்.

இலையுதிர்காலத்தில் ஏலப் பட்டியல் வந்தது.
அறுபத்தோராம் பக்கம். ஒரே படம்.
எஃகின் குறுக்கே அந்தக் கோடு,
அதற்கு இரண்டு விரல் தள்ளி
என் பச்சைச் சட்டைக் கை,
கைப்பொத்தான் போடாமல்.
கீழே பொடி எழுத்தில்
படமெடுத்தவர் பெயர் வேறு போட்டிருந்தார்கள்.