ஈரப்பதம் பதினேழு

பாட்டிலை அன்சாரி கொடுத்தது போன பக்ரீத்துக்கு.
சென்ட்டும் பாதாமும் மற்ற வீடுகளுக்குப் போக
எனக்கென்று இதை எடுத்து வைத்திருந்தான்.
துபாய் ஹோட்டலில் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறவன்.
"பால்சாமிக் வினிகர்டா. இத்தாலித் திராட்சை.
அப்படியே குடிச்சுத் தொலைக்காதே."

எட்டு மாதம் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் நின்றது.
கீழ்வீட்டு ராஜாமணி அம்மா
சோயா சாஸ் என்று நினைத்து
ஃப்ரைட் ரைஸுக்கு ஒரு மூடி கேட்டார்கள்.
கொடுத்தேன். அதன்பிறகு கேட்கவில்லை.

இன்று கொள்முதல் நிலையத்தில்
வேதவல்லியின் நாற்பத்து மூன்று மூட்டையை
நிறுத்தி வைத்தேன்.
மீட்டரில் பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் எடுக்க எனக்கு உத்தரவில்லை.
"லாரியில போற வழியிலேயே காஞ்சிரும் சார்."
நான் மீட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
மீட்டருக்குப் பின்னால் நிற்பது சுலபம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
அன்சாரி அனுப்பியிருந்த குரல் பதிவைத் தேடி எடுத்தேன்.
ஒரு டம்ளர் வினிகர்,
நுணுக்கிய வெல்லம் ஒரு கரண்டி,
அடுப்பு அணைந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச்
சின்னத் தீ.
பின்னணியில் பாத்திரம் கழுவுகிற சத்தம்,
யாரோ மலையாளத்தில் திட்டுகிறார்கள்.

ஆவி மூக்கில் ஆணி அடித்தது.
ஜன்னலைத் திறந்தால்
பனியில் நனைந்த நெல்லின் வாசம் உள்ளே வந்தது.
"என்ன தம்பி, ஏதாச்சும் ஊசிப்போச்சா?"
கீழிருந்து ராஜாமணி அம்மா.

"கரண்டி முதுகுல விரலால ஒரு கோடு இழு.
ரெண்டு கரையும் சேராம நின்னா இறக்கிடு."
முதல் கோடு,
மடை வெட்டிய மறுநிமிடமே சேறு சரிவதுபோல் மூடிக்கொண்டது.
இரண்டாவதும் அப்படித்தான்.
அடுத்த கோடு நின்றது,
சித்திரையில் கோரையாற்றின் நடுவே
வெறும் மணல் தெரிவதுபோல.
ஆனாலும் சட்டியில் இருந்தது தண்ணீராகத்தான் தெரிந்தது.
இன்னும் ஐந்து நிமிடம் விடலாமா?
"விடாதே," என்றது பதிவு,
நான் கேட்பேன் என்று தெரிந்ததுபோல.
"ஆறுறப்ப தானா இறுகும். நம்பி இறக்கு."

நம்பி இறக்குவது என் உத்தியோகத்தில் கிடையாது.
இறக்கினேன்.

கால் டம்ளர்கூட மிஞ்சவில்லை.
பாதித் தக்காளி, இரண்டு கல் உப்பு,
மேலே நூல்போல் ஊற்றினேன்.
முதலில் புளி, உடனே வெல்லம்,
கடைசியில் எங்கிருந்தோ
காலியான பத்தாயத்துக்குள் தலையை விட்டால் வருமே,
அந்தப் பலகை வாசம்.
மீதித் தக்காளியையும் நின்றுகொண்டே தின்றேன்.

மிச்சத்தை இருமல் மருந்துப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு
காலையில் போனால்
வேதவல்லி மூட்டைகளை அவிழ்த்துத்
தார்ச்சாலையில் பாதியை மறித்துப் பரப்பியிருந்தாள்.
இரவு முழுக்கத் தார்ப்பாய்க்குள் படுத்திருந்த தலைமுடி.
நெல்லுக்குள் காலை விட்டு
இழுத்து இழுத்து நடந்தாள்.
போன வழியெல்லாம் கோடு. எதுவும் மூடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கீறி
அதில் கொஞ்சம் ஊற்றி நீட்டினேன்.
முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு பாட்டிலை.
"மருந்தா?"
"இல்ல. தின்னு பாருங்க."
மென்றாள். விரலை நக்கினாள்.
"புளிக்காய்ச்சலுக்கு உப்பு ஒறப்பு போட மறந்துட்டீங்க,"
என்றவள் இன்னொன்று எடுத்துக்கொண்டு
சிரிக்காமல் கேட்டாள்:
"இதுல எத்தனை பாயிண்டு சார் ஈரம்?"

பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி நெல் கொண்டுவந்தாள்.
வெயில் சூடு அப்படியே இருந்தது.
மீட்டர் பதினேழு புள்ளி மூன்று என்றது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சுமைக்காரர்கள் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறட்டும்," என்றேன்,
யாரிடம் என்று தெரியவில்லை.
பதினேழு என்று எழுதினேன்.
சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன்:
ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை
பழுப்பாக, பிசுபிசுப்பாக,
ஒரு வரிகூடக் கலையாமல்.